ஏணையிலிருந்து பாய்க்கு: பிள்ளையின் முதல் வருட நித்திரை

பிள்ளையை நேரத்துக்கு நித்திரையாக்கத் தனி அறை வேணும், மரத் தொட்டில் வேணும், யன்னலுக்குக் கறுப்புத் திரை வேணும் என்று போனில் பார்த்துவிட்டு வந்து கேட்கிற தாய்மார் இப்போது கூடிவிட்டார்கள். நான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்ந்தவள். சனம் மிட்வைவ் அக்கா என்று கூப்பிடும். மீள்குடியேற்றம் நடந்த 2010ஆம் ஆண்டுக் காலத்தில், தறப்பாள் கொட்டில்களுக்குள் கைப்பிள்ளைகள் பொழுதுபட நித்திரையாகி விடிய எழும்பினதைப் பார்த்திருக்கிறேன். பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு வந்து, கரண்டும் ரீவியும் வந்து, அதே குடும்பத்தின் அடுத்த பிள்ளை இரவு பதினொரு மணிக்கும் கொட்டக் கொட்ட முழித்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். கொட்டில் நல்லதென்று சொல்ல வரவில்லை. வெக்கையும் பாம்பும் அங்கேதான் கூட. ஆனால் இருட்டினால் அங்கே செய்ய வேறு வேலை இல்லை. பிள்ளையைத் துடைத்து, பால் கொடுத்து, குப்பி விளக்கைத் தணித்து, பாட்டுப் பாடிக் கிடத்துவார்கள். ஒவ்வொரு நாளும் அதே வரிசை. கல்வீட்டில் அந்த வரிசை கலைந்துபோனது.

முதல் வருடத்தில் பிள்ளையின் நித்திரை நாலைந்து தரம் மாறும். நேற்றுவரை சரியாக நடந்த ஒழுங்கு ஒரு கிழமைக்குள் உதவாமல் போகும். பிள்ளை வளர்ந்துவிட்டது என்பதுதான் அதற்குக் காரணம், ஆரும் கண் வைத்ததல்ல. அந்த நேரத்தில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பாமல் இரண்டை மட்டும் பிடித்து வைத்திருங்கோ: காலையில் எழுப்புகிற நேரம், பின்னேர வேலைகளின் வரிசை. பகலில் எத்தனை தரம் நித்திரை, சேலையில் கட்டின ஏணையிலா பாயிலா, இரவில் எத்தனை தரம் பால், இதெல்லாம் மாதத்துக்கு மாதம் மாறும். மாறட்டும். நீங்களாக ஏதாவது மாற்றுவதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, நாலைந்து நாள் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கோ.

முதல் மாதத்தில் ஒழுங்கு என்ற கதைக்கே இடமில்லை. பிறந்த பிள்ளை 24 மணித்தியாலத்தில் 14 முதல் 17 மணித்தியாலம் நித்திரை கொள்ளும். ஆனால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பாலுக்கு எழும்பும். அதன் உடம்புக்கு இரவு பகல் தெரியாது. இருட்டினால் நித்திரையை வரவைக்கிற மெலற்றோனின் என்ற சுரப்பு பிள்ளையில் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று மாதம் செல்லும். அதுவரை தாய்ப்பாலில் இருந்து கொஞ்சம் கிடைக்கும். இரவில் சுரக்கிற பாலில் அது கூட, பகல் பாலில் குறைவு.

எங்கள் வழக்கத்தில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. துடக்குக் கழிகிற 31ஆம் நாள் வரைக்கும் தாயையும் பிள்ளையையும் அறைக்குள் வைத்து, காற்றுப் படும் என்று யன்னலையும் சாத்திவிடுவோம். பகலிலும் அறை இருட்டு. பொழுதுபட்ட பிறகு பிள்ளை பார்க்க வருகிற ஆக்களுக்காக லைற் எரியும், கதையும் சிரிப்புமாக இருக்கும். பிள்ளை இரவைப் பகலாக்க வேறென்ன வேணும்? பத்தியமும் சரக்குக் கறியும் அப்படியே இருக்கட்டும், அவற்றோடு எனக்குக் கோபமில்லை. யன்னலை மட்டும் திறவுங்கோ. விடிய ஆறரை, ஏழு மணிக்குப் பிள்ளையை விறாந்தைக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்துப் பால் கொடுங்கோ. பகலில் வீட்டுச் சத்தத்தை அடக்க வேண்டாம். கோழி கத்தட்டும், மூத்தது ஓடித் திரியட்டும். இரவில் பாலுக்கு எழும்பினால் பெரிய லைற்றைப் போடாமல், சின்ன பல்ப் வெளிச்சத்தில், கதை பேச்சில்லாமல் பால் கொடுத்து, நனைந்திருந்தால் துணியை மாற்றித் திரும்பக் கிடத்துங்கோ. மாமி "காத்துப் பட்டிடும் பிள்ளை" என்றால், "மிட்வைவ் அக்கா சொன்னவா மாமி" என்று பழியை என் தலையில் போட்டுவிடுங்கோ.

சாம்பிராணிப் புகையும் நுளம்புத் திரியும் அந்த அறைக்குள் வேண்டாம். பிஞ்சு நெஞ்சுக்குப் புகை ஒத்துவராது. இன்னொன்று: முதல் இரண்டு கிழமைக்குள் பிள்ளை மஞ்சள் பூத்து, பாலுக்கும் எழும்பாமல் கிடந்தால், "சோலியில்லாத பிள்ளை" என்று சந்தோஷப்படாதேங்கோ. பிறந்த நேரத்து நிறை திரும்ப வரும் வரைக்கும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழுப்பியாவது பால் கொடுக்க வேணும். எழுப்பியும் குடிக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

எங்கே கிடத்துவது என்பதில்தான் நான் எல்லோரோடும் சண்டை பிடித்திருக்கிறேன். ஏணை எங்கள் சொத்து. நூல் சேலையை வளையில் கட்டி, ஏணைக்கம்பு போட்டு ஆட்டினால் அடங்காத பிள்ளையும் அடங்கும். தாய் ஒரு கையால் ஆட்டிக்கொண்டு மறுகையால் கீரை ஆய்வாள். அதை ஒழித்துவிடச் சொன்னால் ஒரு வீட்டிலும் கேட்கமாட்டார்கள், எனக்கும் மனம் வராது. ஆனால் ஏணைக்குள் பிள்ளையின் முதுகு வளைந்து, நாடி நெஞ்சில் போய் முட்டும். மூச்சு எடுக்கிற வழி அப்போது ஒடுங்கும். சேலை முகத்தில் ஒட்டினால் தானாக விலக்க அதற்குத் தெரியாது. ஆகவே, ஏணை கண்ணுக்கு முன்னால் ஆள் இருக்கிற நேரத்துக்கு மட்டும். நித்திரையானதும் தூக்கிப் பாயில் கிடத்துங்கோ. இரவுக்கு ஏணை வேண்டாம். வழுக்குகிற நைலெக்ஸ் சேலை எந்த நேரத்துக்கும் வேண்டாம். மூத்த பிள்ளை ஆட்டுவதற்கு ஆசைப்பட்டால் பக்கத்தில் நீங்கள் நிற்க வேணும். நாலு மாதமளவில் பிள்ளை உடம்பு பிரட்டப் பார்த்தால் ஏணையை அவிழ்த்து மடித்து வையுங்கோ; அழுத்திச் சுற்றிக் கட்டுகிற துணியையும் அதே நாளோடு விட்டுவிடுங்கோ.

பாயில் மல்லாக்காகக் கிடத்த வேணும். பக்கவாட்டில் வேண்டாம், குப்புற வேண்டவே வேண்டாம். 1990களில் மல்லாக்காகக் கிடத்தும்படி பிரசாரம் செய்த நாடுகளில், காரணம் தெரியாமல் நித்திரையிலேயே பிள்ளைகள் இறப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த ஆபத்து கூடுதலாக இருப்பது இரண்டாம் மாதத்துக்கும் நாலாம் மாதத்துக்கும் இடையில். பாயின் மேல் மடித்த ஒரு துணி போதும். மெத்து மெத்தென்ற மெத்தை, தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கிற தலையணை, வெளிநாட்டில் இருந்து வந்த பஞ்சுக் கரடி எல்லாவற்றையும் அலுமாரியில் வையுங்கோ. தலை தட்டையாகும் என்ற பயம் இருந்தால், பகலில் முழித்திருக்கும் நேரம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு குப்புறக் கிடத்தி விளையாட விடுங்கோ.

தாயோடு ஒரே பாயில் படுப்பது எங்கள் ஊர் வழக்கம். சின்னப் பாய் ஒன்றைத் தாயின் பாயோடு ஒட்டி விரித்து, பிள்ளையை அதில் விடுவதுதான் நல்லது. பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் வேறு ஆள் வேண்டாம். வீட்டுக்காரர் கள்ளோ சாராயமோ குடித்திருந்தால், சிகரெட் பிடிக்கிறவராக இருந்தால், பிள்ளை படுக்கிற பாய்ப் பக்கம் வரவே கூடாது. இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிற பெண்கள் உண்டு. தேவையென்றால் நான் சொன்னதாகச் சொல்லுங்கோ. ஆறு மாதம் வரைக்குமாவது பிள்ளை பெற்றோரின் அறையிலேயே படுக்க வேணும் என்று மேல்நாட்டுப் பிள்ளை வைத்தியர்களும் சொல்கிறார்கள். அதனால் தனி அறை இல்லையே என்று கவலைப்பட ஒன்றுமில்லை.

நுளம்பு வலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் சுற்றிவரச் செருகுங்கோ. வன்னியில் நிலத்தில் படுக்கிறவர்களுக்கு வருகிற ஆபத்து நுளம்பால் மட்டுமல்ல; இரவில் ஊர்ந்து வருகிற பாம்பும் மட்டத்தேளும் உண்டு, செருகின வலை அவற்றையும் மறிக்கும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று அறிவித்ததோடு வலையை மடித்து வைத்த வீடுகளும் இருக்கின்றன. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது. பகல் நித்திரைக்கும் வலை வேணும்.

இரண்டாம் மூன்றாம் கிழமையில் தொடங்கி, ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போகிற ஒரு பின்னேர அழுகை இருக்கிறது. விளக்கு வைக்கிற நேரம் பார்த்துத் தொடங்கி இரண்டு மூன்று மணித்தியாலம் பிள்ளை வீரிட்டுக் கத்தும். நாவூறு என்பார்கள், வயிற்றுக்குத்து என்பார்கள். நாவூறு கழிப்பதால் கெடுதல் இல்லை, மிளகாயை முற்றத்தில் எரித்தால். சீனித் தண்ணி, ஓமத் தண்ணி, தேன் ஒன்றும் வாயில் வைக்க வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் விலக்கு, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிள்ளையின் தசைகளைச் சோரப்பண்ணிவிடும். இந்த அழுகை மூன்று நாலு மாதத்தில் தானாக ஓயும். அதுவரை அந்த நேரத்தில் நித்திரையாக்கப் பாடுபடாதேங்கோ. தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடவுங்கோ, பால் கேட்டால் கேட்கிற நேரமெல்லாம் கொடுங்கோ, கை மாற்றிப் பிடிக்க ஆளைக் கூப்பிடுங்கோ. காய்ச்சல் இருந்தால் கதை வேறு. மூன்று மாதத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் விடியும் வரை பார்த்திருக்கக் கூடாது. வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை.

பின்னேர வரிசையை இரண்டு மாதம் முடிந்ததும் தொடங்கலாம். மேல்நாட்டுக் குறிப்புகளில் இரவில்தான் பிள்ளையைக் குளிப்பாட்டச் சொல்லியிருக்கும். இங்கே வெய்யில் ஏறின பிறகு, பத்துப் பதினொரு மணிக்குத்தான் பிள்ளைக்கு வார்ப்போம். அதை மாற்ற வேண்டியதில்லை. வார்த்த பிறகு வருகிற நித்திரைதான் பகலில் நீளமானது, அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கோ. பின்னேரத்துக்கு ஈரத்துணியால் துடைத்துச் சட்டை மாற்றினால் போதும். எங்கள் பக்கத்தில் சூரியன் படுகிற நேரம் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில்தான். கார்த்திகையில் கொஞ்சம் முந்தும், ஆடியில் பிந்தும், அவ்வளவுதான். அதனால் மணிக்கூட்டைப் பார்க்காமல் சாமி விளக்கைக் கணக்கு வையுங்கோ. விளக்கு வைத்ததும் துடைப்பது, சட்டை மாற்றுவது, முற்றத்து வெளிச்சத்துக்கு "போட்டு வாறன்" சொல்லிக் கதவைச் சாத்துவது, பால், பாட்டு, பாய். பாட்டு எதுவாகவும் இருக்கலாம், தேவாரமென்றாலும் சரி, மாதாவின் பாட்டென்றாலும் சரி, ஆனால் ஒவ்வொரு நாளும் ஒன்றே. ஏழு, ஏழரைக்குள் முடியட்டும். அரை மணித்தியாலம் அங்கே இங்கே போகலாம், வரிசை மாறக் கூடாது. தாய் வயலுக்கோ வேலைக்கோ போய்ப் பிந்தினால் அம்மம்மாவும் அதே வரிசையில் செய்ய வேணும். தகப்பனும் செய்யலாம், கை தேயாது.

இந்த ஒழுங்கைக் கெடுக்கிற முதல் ஆள் வீடியோ கோல். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எங்களிடம் குறைவு. பிள்ளைக்குக் கண் செருகுகிற ஏழு மணிக்கு லண்டன் சித்தப்பா எடுப்பார், அங்கே மத்தியானம் இரண்டரை. போனை முகத்துக்கு முன்னால் பிடித்து, "சித்தப்பாவுக்குச் சிரியுங்கோ செல்லம்" என்று பிள்ளையை உசுப்பிவிட்டு, எட்டரைக்கு வைத்துவிடுவார்கள். பிறகு பத்தரை வரைக்கும் தாய் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். சித்தப்பாவோடு கோபிக்கத் தேவையில்லை, நேரத்தை நீங்கள் சொல்லுங்கோ. கோடை காலத்தில் ரொறன்ரோவில் காலை ஏழு மணியும் லண்டனில் பகல் பன்னிரண்டும் எங்களுக்குப் பின்னேரம் 4.30. பிள்ளை நித்திரையால் எழும்பி நல்ல குணத்தோடு இருக்கிற நேரம் அது. பனிக்காலத்துக்கு அவர்கள் மணிக்கூட்டை மாற்றினால் 5.30 ஆகும், அதுவும் பரவாயில்லை. விளக்கு வைத்த பிறகு போன் சத்தமில்லாமல் கிடக்கட்டும், ரீவியும்.

வெக்கையைப் பற்றி எந்தப் புத்தகமும் எங்களுக்காக எழுதவில்லை. சோளகக் காற்றுத் தொடங்கி ஆவணி, புரட்டாதி வரைக்கும் தகரம் போட்ட வீட்டுக்குள் பதினொரு மணிக்குப் பிறகு பெரியவர்களே இருக்க ஏலாது. அந்த மாதங்களில் பகல் நித்திரையின் இடத்தை மாற்ற வேணும். காலை நித்திரை வீட்டுக்குள், மத்தியான நித்திரை வேம்புக்குக் கீழே அல்லது கிடுகு வேய்ந்த தலைவாசலில், வலையோடு. தகரத்துக்கு மேல் கிடுகு பரப்பினால் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் தணியும். பிள்ளைக்கு ஒரு மெல்லிய நூல் சட்டை போதும். தொப்பி, காலுறை, கையுறை எதுவும் நித்திரையில் வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கோ. வியர்த்திருந்தால் பிள்ளைக்கு வெக்கை, கை கால் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் காற்று நேரே அடிக்காமல் அறைக்குள் சுற்றும். ஆறு மாதத்துக்குக் கீழே தண்ணி வேண்டாம், வெக்கை நாளில் பிள்ளை தாய்ப்பாலையே கூடத் தரம் கேட்கும், இரவிலும் கேட்கும். "திரும்ப இரவில எழும்புது அக்கா" என்று சித்திரை, வைகாசியில் கிளினிக்குக்கு வருகிற தாய்மாரில் அரைவாசிப் பேருக்கு விடை இதுதான்.

மாரியில் பிரச்சினை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டு பகலும் மம்மலாக இருந்தால் பிள்ளை பகலில் அளவுக்கு மிஞ்சி நித்திரை கொண்டு இரவில் விளையாடும். விடியவும் பகலில் முழித்திருக்கும் நேரமும் வாசல் வெளிச்சத்தில் வைத்திருந்தால் சரி வரும். மார்கழிப் பனிக்கு இன்னொரு சட்டை போடுங்கோ, போர்வையால் மூட வேண்டாம்.

இனி நாலாம் மாதம். கூடுதலான தாய்மார் அழுதுகொண்டு வருகிற மாதம் இது. அதுவரை இரவில் நாலைந்து மணித்தியாலம் தொடர்ந்து படுத்த பிள்ளை, திடீரென்று ஒன்றரை மணிக்கொருக்கால் எழும்பும். பகல் நித்திரை அரை மணித்தியாலத்தில் முறியும். நடந்தது என்னவென்றால், நித்திரையின் அமைப்பே பெரியவர்களுடையதைப் போல மாறத் தொடங்கியிருக்கிறது. மேலோட்டமான நித்திரை, ஆழ்ந்த நித்திரை என்று மாறி மாறி வரும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை அரைக்கண் முழிக்கும். நாங்களும் இரவில் முழிக்கிறோம், தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் படுக்கிறோம், விடிய ஞாபகம் இருப்பதில்லை. ஆடுகிற ஏணையில் நித்திரையான பிள்ளை அசையாத பாயில் முழித்தால், தான் எங்கே என்று தெரியாமல் கத்தும்.

அதனால் இந்த மாதத்தில் பழக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கண் செருகும் நேரத்தில், முழு நித்திரையாகும் முன், பாயில் கிடத்துவது. ஒரு நாளில் ஒரு தரம் மட்டும் முயலுங்கோ, அதுவும் காலை நித்திரைக்கு. அந்த நேரத்தில் பிள்ளைக்கும் களைப்பில்லை, உங்களுக்கும் பொறுமை இருக்கும். கிடத்தி, நெஞ்சில் கையை வைத்து, மெல்லத் தட்டுங்கோ. அழுதால் தூக்கி ஆற்றித் திரும்பக் கிடத்துங்கோ. அன்றைக்குச் சரிவராவிட்டால் வழமைபோல் நித்திரையாக்கிவிட்டு அடுத்த நாள் பாருங்கோ. காலை நித்திரை பிடிபட்டதும் இரவுக்குப் பழக்கலாம். இரவில் முனகல் கேட்டவுடன் பாய்ந்து தூக்க வேண்டாம். நித்திரைக்குள்ளேயே பிள்ளைகள் முனகும், சிரிக்கும், கையைக் காலை அடிக்கும். கொஞ்சம் பொறுத்தால் பாதித் தரம் தானாகவே அடங்கிவிடும். அடங்காவிட்டால் பால் கேட்கிறது, கொடுங்கோ. கதவைச் சாத்திவிட்டு அழவிடுகிற முறையை வெளிநாட்டுச் சொந்தங்கள் சொல்லித் தருவார்கள். இந்த வயதுக்கு அது வேண்டாம். மூன்று குடும்பம் ஒரு வளவில் இருக்கிற இடத்தில் அது நடக்கப் போவதுமில்லை. அழுகை கேட்டால் பக்கத்து வீட்டு ஆச்சி வேலி பிரித்துக்கொண்டு வருவா.

"பால் காணாது, அதுதான் எழும்புது, கொஞ்சம் பிஸ்கற் கரைச்சுக் குடுங்கோ" என்பது இந்த மாதத்தில்தான் கேட்கும். கொடுக்காதேங்கோ. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். சாப்பாட்டை முந்தித் தொடங்குவது இரவு நித்திரையை வாங்கித் தராது, வயிற்றோட்டத்தைத்தான் வாங்கித் தரும். பால் காணுமா காணாதா என்ற சந்தேகத்துக்குப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கிற நிறைக் கோட்டைப் பாருங்கோ. கோடு மேலே போனால் பால் காணும்.

தடுப்பூசியும் இந்த மாற்றங்களுக்குள் வந்து விழும். இரண்டு, நாலு, ஆறு மாதங்களில் போடுகிற ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் அலுப்பும் வரலாம். அந்த இரவுகளில் ஒழுங்கு, பழக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடியில் வைத்திருங்கோ. பரசிற்றமோல் பாணியைக் கிளினிக்கில் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்காதேங்கோ. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்காக ஒன்பதாம் மாதத்தில் போடுகிற எம்எம்ஆர் ஊசி வேறு மாதிரி: காய்ச்சல் அன்றைக்கு வராமல் ஒரு கிழமை, பத்து நாள் கழித்து வரலாம். ஊசியை மறந்துபோய், பல்லு முளைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளிக்கூடத்துக்கோ, கந்தோருக்கோ, கார்மென்ற்ஸுக்கோ தாய் திரும்பப் போகிற நேரமும் நாலு மாதத்தை ஒட்டித்தான் வரும், 84 வேலைநாள் லீவு அவ்வளவுக்குத்தான் தாங்கும். பகலில் தாயைக் காணாத பிள்ளை இரவில் பாலைக் குடித்து ஈடு செய்யும். ஒரு மாதம், இரண்டு மாதம் அப்படி இருக்கும். அதை உடைக்கப் பார்க்காமல், வேலையால் வந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு முதல் வேலையாகப் பால் கொடுங்கோ, படுக்கப் போகும் முன் இன்னொரு தரம் நிறையக் கொடுங்கோ. சமையலை வீட்டில் இருக்கிற ஆரும் பார்க்கட்டும். பகலில் பார்க்கிற அம்மம்மாவிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கோ: பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பிள்ளையை நித்திரையாக்க வேண்டாம். சமையல் முடிக்க வசதி என்று ஐந்தரைக்கு நித்திரையாக்கினால், அதன் கடனை இரவில் தாய்தான் கட்டுவாள்.

எப்போது கிடத்துவது என்பதற்கு மணிக்கூட்டைவிட முழித்திருந்த நேரத்தைக் கணக்கு வைப்பது சுகம். ஒரு மாதப் பிள்ளை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முழித்திருக்கத் தாங்காது. நாலு மாதத்தில் ஒன்றரை முதல் இரண்டு, ஆறேழு மாதத்தில் இரண்டரை மூன்று, ஒரு வயதில் மூன்றரை நாலு மணித்தியாலம். கண்ணைக் கசக்குவது, காதை இழுப்பது, விளையாட்டுக் காட்டினால் முகத்தைத் திருப்புவது, இவை கண்டால் உடனே கிடத்துங்கோ. "களைக்கட்டும், நல்லாப் படுக்கும்" என்று இழுத்தடித்தால் பிள்ளை களைப்பு மிஞ்சி, இன்னும் கத்திக்கொண்டு முழித்திருக்கும்.

நாலு மாதத்தில் இருந்து ஒரு வயது வரை ஒரு நாளைக்குப் பகலும் இரவுமாக 12 முதல் 16 மணித்தியாலம் நித்திரை போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினாறு கொள்ளும், உங்களுடையது பன்னிரண்டரையோடு சிரித்துக்கொண்டு திரியும், இரண்டும் சரி. ஆறு மாதத்தில் பகல் நித்திரை மூன்று. ஏழெட்டு மாதத்தில் பின்னேரத்துச் சின்ன நித்திரை தானாகக் கழன்று இரண்டாகும். கழரும் அந்தக் கிழமைகளில் இரவு நித்திரையை அரை மணித்தியாலம் முந்தி வைத்துவிடுங்கோ. சோறு, பருப்பு, கீரை, முட்டை, மீன் தொடங்கின பிறகு பின்னேரச் சாப்பாட்டை விளக்கு வைக்க முன் முடித்துவிட்டால் வயிறு பாரமில்லாமல் படுக்கும். இரவில் ஒன்றிரண்டு தரம் பால் குடிப்பது ஒரு வயது வரைக்கும் வழமைதான்.

எட்டு, ஒன்பது, பத்து மாதத்தில் இன்னொரு குழப்பம் வரும். பிள்ளை எழும்பி இருக்கப் பழகும், வலையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கும், இருக்கத் தெரியாமல் நின்றபடியே அழும். பகலில் கதிரையைப் பிடித்து நிற்க விட்டு, திரும்ப இருக்கப் பழக்குங்கோ. அது பிடிபட்டதும் இரவு நாடகம் முடியும். இதே காலத்தில்தான் தாய் கிணற்றடிக்குப் போனாலும் பிள்ளை கத்தும். கண்ணில் இருந்து மறைந்த ஆள் திரும்ப வரும் என்பது இன்னும் உறுதியாகத் தெரியாது. ஒளித்துப் போகாதேங்கோ. "அம்மா போட்டு வாறன்" என்று சொல்லிப் போய், சொன்னபடி வாருங்கோ. சேலைத் தலைப்பால் முகத்தை மூடித் திறக்கிற விளையாட்டைப் பகலில் நிறைய விளையாடுங்கோ, அது இரவுக்கு மருந்து.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால், வெட்டுக் காலத்தில் மெசின் இரவிரவாக ஓடினால், யானைக்கு வெடி கொளுத்தினால், ஒழுங்கு குலையும். குலையட்டும். கோயிலுக்குக் கொண்டுபோகாமல் விட முடியுமா? அந்தப் பாயையும் அந்தப் பாட்டையும் கூடவே கொண்டு போங்கோ. அடுத்த நாள் விடியப் பிள்ளையை வழமையான நேரத்தைவிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் படுக்க விடாதேங்கோ, பகல் நித்திரையைக் கொஞ்சம் நீட்டிக் கொடுங்கோ, இரவில் நேரத்தோடு கிடத்துங்கோ. இரண்டு மூன்று நாளில் பழையபடி வரும். ஆனால் நித்திரையில் மூச்சு விட்டு விட்டு நின்று வந்தால், தடிமன் இல்லாமலே ஒவ்வொரு இரவும் பெரிய குறட்டை கேட்டால், அதை ஒழுங்கால் சரிப்படுத்த ஏலாது, வைத்தியரிடம் காட்டுங்கோ. பிள்ளை படுத்த பிறகும் தாய்க்கு நித்திரை வராமல், ஒன்றிலும் மனம் இல்லாமல், அழுகையாகவே இருந்தால் அதையும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்ல வேணும். வீட்டுக்கு வரும்போது பிள்ளையின் நிறையை மட்டும் பார்த்துவிட்டுப் போக அவர் வருவதில்லை.

ஒரு வயதில் யப்பான் மூளைக்காய்ச்சல் ஊசிக்குக் கொண்டுவருகிற நேரம், "காலையில படுக்க மாட்டன் எண்டு நிக்குது, ஒரு நித்திரை காணுமோ அக்கா?" என்று கேட்பார்கள். அநேகமாகக் காணாது. நடை பழகுகிற புளுகத்தில் பிள்ளைகள் ஒன்றிரண்டு கிழமை அப்படி அடம்பிடித்துவிட்டுத் திரும்ப இரண்டு நித்திரைக்கு வரும். உண்மையாகவே ஒன்றுக்கு மாறுவது கூடுதலாகப் பதின்மூன்று மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில். அடம் இரண்டு கிழமைக்கு மேல் நீண்டால், காலை நித்திரையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் பதினைந்து நிமிடம் பிந்தி வைத்து, வார்த்து, மத்தியானச் சோறும் கொடுத்த பிறகு வருகிற மாதிரிக் கொண்டு போங்கோ.